இரண்டாவது சின்தசைசர்: ஒரு தெரிவும் அதற்குப் பின்னால் இருந்த வரலாறும்

எங்களிட்ட இருக்கிறது ஒரேயொரு பழைய சின்தசைசர்: யமஹா டிஎக்ஸ்7. எங்களில் ஒருவரின் மாமா கனடாவில் வீடு மாறும்போது, நிலக்கீழ் அறையில் கிடந்ததை எறிய மனமில்லாமல் கப்பலில் வந்த சாமான்களோடு சேர்த்து அனுப்பிவிட்டார். அதோடு ஒரு லப்டொப், ஒரு ஓடியோ இன்டர்பேஸ், இரண்டு ஸ்பீக்கர், முட்டை மட்டை ஒட்டின ஒரு சுவர். எங்கட ஹோம் ஸ்டூடியோ இவ்வளவுதான்.

இப்ப கொஞ்சக் காசு சேர்ந்திருக்கு. இன்னொரு பழைய சின்தசைசர் வாங்கலாம் என்று முடிவெடுத்தோம். எதை வாங்குவது என்பதில்தான் சண்டை. நாலு பேருக்கு நாலு பெயர். ஒராள் மினிமோக் என்றார், ஒராள் ப்ரொஃபெட்-5 என்றார், மற்றவர் டிபி-303, கடைசி ஆள் ஜூனோ-106. ஒன்றையும் எங்களில் ஒருவரும் தொட்டதில்லை. எல்லாம் யூரியூப்பில் கேட்டு ஆசைப்பட்ட பெயர்கள்.

சண்டை முடியாததால் ஒரு வேலை செய்தோம். ஒவ்வொரு கருவியும் ஏன் செய்யப்பட்டது, அப்போது யாரால் அதை வாங்க முடிந்தது, யார் அதைக் கைவிட்டார்கள், பிறகு யார் அதை எடுத்தார்கள் என்று தேடித் தேடி வாசித்தோம். வாசித்து முடித்தபோது எங்கட பட்டியலிலேயே இல்லாத ஒரு கருவியில் வந்து நின்றோம்.

ஒரு நேரத்தில் ஒரு சுரம்

1964 இல் அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் ரொபேர்ட் மோக் என்ற பொறியியலாளரும் ஹேர்பேர்ட் டொய்ச் என்ற இசையமைப்பாளரும் சேர்ந்து ஒரு மாதிரிக் கருவியைச் செய்தார்கள். அதன் அடிப்படை இன்றைக்கும் மாறவில்லை. மின் அலையை உண்டாக்குவதற்கு ஒஸிலேட்டர். அந்த அலையில் கூராக ஒலிக்கும் பகுதிகளை வெட்டிக் குறைப்பதற்கு ஃபில்டர். சத்தம் எவ்வளவு வேகமாக எழ வேண்டும், எப்படி அடங்க வேண்டும் என்று தீர்மானிக்க என்வலப். இவை எல்லாவற்றையும் வோல்டேஜ் ஒன்றே கட்டுப்படுத்தும். கீ ஒன்றை அழுத்தினால் ஒரு வோல்டேஜ் போகும், அதற்கேற்ற சுருதி வரும். நிறைந்த அலையை எடுத்து, வேண்டாததைக் கழித்துக் கழித்து ஒலியைச் செய்வதால் இதைக் கழித்தல் முறை என்று சொல்லலாம்.

ஆரம்பக் கருவிகள் அலுமாரி அளவானவை. ஒவ்வொரு பகுதியையும் வயரால் இணைக்க வேண்டும். பல்கலைக்கழகங்களும் பெரிய ஸ்டூடியோக்களும் காசுள்ள இசைக்குழுக்களும்தான் வாங்கின. 1968 இல் வெண்டி கார்லோஸ் மோக் கருவியால் பாக்கின் இசையை வாசித்து வெளியிட்ட 'சுவிட்ச்ட்-ஒன் பாக்' இசைத்தட்டு சின்தசைசரை எல்லார் வாயிலும் கொண்டுவந்தது. அந்தக் கருவியில் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் வரும். அதனால் கார்லோஸ் ஒவ்வொரு குரலையும் தனித்தனியாகப் பதிவு செய்து அடுக்க வேண்டியிருந்தது.

1970 இல் வந்த மினிமோக் அந்த அலுமாரியைச் சுருக்கி, வயர்களை உள்ளே மறைத்து, கையில் தூக்கக்கூடிய பெட்டியாக்கியது. மூன்று ஒஸிலேட்டர்கள், ஒரு ஃபில்டர், கீபோர்ட். விலை 1,500 டொலர் அளவில். 1981 வரை 12,000 க்கும் மேல் செய்யப்பட்டன. ஆனாலும் இதிலும் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான். இன்றைக்கு நல்ல நிலையிலுள்ள பழைய மினிமோக்கின் விலைக்கு இங்கே ஒரு பழைய ஓட்டோ வாங்கலாம். மினிமோக் கேட்ட நண்பர் இந்த இடத்திலேயே கையைத் தூக்கிவிட்டார்.

நினைவுள்ள கருவி

பல சுரங்களைச் சேர்த்து வாசிக்கிற சின்தசைசர்கள் 1970களில் வரத் தொடங்கின. ஆனால் மேடையில் ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டுக்குப் போகும்போது எல்லாக் குமிழ்களையும் திரும்பத் திருப்ப வேண்டும். எந்தக் குமிழ் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று கடதாசியில் குறித்து வைப்பது அப்போதைய வழக்கம்.

1978 இல் கலிபோர்னியாவில் டேவ் ஸ்மித்தின் சீக்குவென்ஷியல் சேர்க்கிட்ஸ் கொம்பனி ப்ரொஃபெட்-5 ஐக் கொண்டுவந்தது. உள்ளே ஒரு மைக்ரோப்ரொசெசர். ஐந்து சுரங்களைச் சேர்த்து வாசிக்கலாம். செய்த ஒலிகளில் 40 ஐச் சேமித்து வைத்து, பட்டனை அழுத்தித் திரும்ப எடுக்கலாம். இன்றைக்கு நாங்கள் லப்டொப்பில் 'சேவ்' என்று அழுத்துவது போலத்தான், ஆனால் அன்றைக்கு அது பெரிய மாற்றம். விலை 4,000 டொலர் அளவில். மொத்தம் ஏறக்குறைய 6,000 தான் செய்யப்பட்டன.

இந்த இரண்டு கருவிகளையும் பற்றி வாசித்தபோது எங்களுக்கு ஒன்று விளங்கியது. இன்றைக்கு எட்டாத விலையில் இருப்பவை பிறந்தபோதும் எட்டாத விலையில்தான் இருந்தன. 'வின்டேஜ்' என்ற பெயர் வந்த பிறகுதான் அவை பணக்காரர்களின் சாமானாக மாறின என்றில்லை.

எங்கட அறையில் இருக்கிற குற்றவாளி

எங்கட டிஎக்ஸ்7 வேறு வழியில் வந்தது. 1967 இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஜோன் சௌனிங் என்ற இசையமைப்பாளர் கணினியில் ஒரு சுருதியை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாக ஆட்டினால் காதுக்கு அது ஆட்டமாகக் கேட்கும். ஆட்டும் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் ஆட்டம் மறைந்து முற்றிலும் புதிய ஒலி ஒன்று வரும். மணி, பித்தளை வாத்தியம், மரக்கட்டை என்று என்னவும் வரும். இரண்டே இரண்டு அலைகளால் இவ்வளவும் செய்யலாம் என்று அவர் கண்டார். இதுதான் எஃப்எம் முறை.

பல்கலைக்கழகம் இதை அமெரிக்க ஓர்கன் கொம்பனிகளுக்குக் காட்டியது. அவர்களுக்கு அதன் பெறுமதி விளங்கவில்லை. ஜப்பானின் யமஹாவுக்கு விளங்கியது. இடையில் சௌனிங்கின் பதவியை நிரந்தரமாக்காமல் விட்ட அதே பல்கலைக்கழகம் பிறகு அவரைத் திரும்பக் கூப்பிட்டது. கம்பஸில் படிக்கிற எங்களுக்கு இந்தக் கதையில் ஒரு தனிச் சந்தோசம்.

1983 இல் டிஎக்ஸ்7 வந்தது. 16 சுரங்களைச் சேர்த்து வாசிக்கலாம், விரல் எவ்வளவு வேகமாக அடிக்கிறது என்பதற்கேற்ப ஒலி மாறும், விலை 2,000 டொலருக்குள். ப்ரொஃபெட்-5 இன் விலையில் பாதி. ஒன்றரை இலட்சத்துக்கும் மேல் விற்றது. அந்தக் காலத்துப் பாட்டுகளில் கேட்கிற கண்ணாடி மாதிரியான எலக்ட்ரிக் பியானோ, மணியொலி, கடினமான பேஸ் எல்லாம் பெரும்பாலும் இதன் வேலை. எங்கட காதுக்கும் எஃப்எம் ஒலி புதிதில்லை. 1986 இல் வந்த 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா பயன்படுத்திய யமஹா சிஎக்ஸ்5எம் இசைக் கணினிக்குள் இருந்ததும் இதே எஃப்எம் முறைதான்.

ஆனால் டிஎக்ஸ்7 இல் குமிழ்களே இல்லை. வரிசையாகத் தட்டைப் பட்டன்கள், மதிப்புகளை மாற்ற ஒரு ஸ்லைடர், இரண்டு வரி காட்டுகிற ஒரு சின்னத் திரை. உள்ளே நூற்றுக்கும் மேற்பட்ட மதிப்புகள். அவற்றை ஒவ்வொன்றாகத் திரையில் எடுத்துத்தான் மாற்ற வேண்டும். அதனால் பெரும்பாலானோர் கொம்பனி போட்டுத் தந்த ஒலிகளையே வாசித்தார்கள். நாங்களும் அப்படித்தான். எங்கட முதல் ஐந்து பாட்டிலும் ஒரே எலக்ட்ரிக் பியானோ. பிறகு இரண்டு மாசம் குந்தியிருந்து சொந்தமாக ஒலிகள் செய்தோம். ஒருநாள் போட்டுப் பார்த்தால் எல்லாம் குழம்பிக் கிடந்தது. உள்ளே நினைவைப் பிடித்து வைத்திருக்கிற சின்ன பற்றறி செத்துப்போயிருந்தது. ஒன்றையும் எழுதி வைக்கவில்லை. 1970களின் கடதாசிக்காரரை நினைத்துக்கொண்டோம்.

இந்தக் கருவியின் வெற்றி மற்றவைக்கு அடியாக விழுந்தது. குமிழ் நிறைந்த அனலொக் சின்தசைசர்கள் ஒரே வருசத்தில் பழசாகத் தெரியத் தொடங்கின. சீக்குவென்ஷியல் சேர்க்கிட்ஸ் 1987 அளவில் மூடப்பட்டு யமஹாவின் கைக்கே போனது. மோக்கின் கொம்பனியும் அதே காலத்தில் நொடித்துப்போனது. ஸ்டூடியோக்கள் பழையதை வித்துவிட்டுப் புதியதை வாங்கின. செக்கன்ட் ஹான்ட் கடைகளில் அனலொக் கருவிகள் குவிந்தன.

எறிஞ்சதை எடுத்தவர்கள்

குவிந்ததில் ஒன்று ரோலண்டின் டிபி-303. 1981-82 இல் வந்த வெள்ளி நிறச் சின்னப் பெட்டி. தனியாக வாசிக்கிற கிற்றார்காரருக்குப் பின்னால் பேஸ் கிற்றார் வாசிக்கிற ஆளின் இடத்தை நிரப்பத்தான் செய்தார்கள். வடிவமைத்தவர் தடாவோ கிகுமோட்டோ. அது பேஸ் கிற்றார் மாதிரி ஒலிக்கவில்லை. அதற்குள் சுரங்களைப் பதிவதும் பெரிய தலையிடி. 10,000 அளவில் செய்து 1984 இல் நிறுத்திவிட்டார்கள்.

சிக்காகோவில் ஃப்யூச்சர் என்ற பெயரில் சேர்ந்த மூன்று கறுப்பின இளைஞர்களின் கைக்கு மலிவாக ஒரு 303 வந்தது. சுரவரிசை ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் ஃபில்டர் குமிழ்களைத் திருப்பிப் பார்த்தார்கள். பேஸ் கிற்றாருக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லாத, நெளிந்து கத்துகிற ஒரு ஒலி வந்தது. 1987 இல் 'அசிட் ட்ராக்ஸ்' வெளியானது. அசிட் ஹவுஸ் என்ற இசைவகை அங்கேயிருந்து தொடங்கி இங்கிலாந்து முழுக்கப் பரவியது.

இதற்கு ஐந்து வருசம் முன்னமே பம்பாயில் இன்னொருவர் அதே பெட்டியை வேறு வழியில் பயன்படுத்தியிருந்தார். இந்திச் சினிமா இசைக்குழுக்களில் வாசித்த சரண்ஜித் சிங், 1982 இல் டிபி-303, டிஆர்-808 என்ற தாளக் கருவி, ஜூப்பிட்டர்-8 என்ற சின்தசைசர் மூன்றையும் இணைத்துப் பத்து இந்துஸ்தானி ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்தார். 303 இல் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு வழுக்கிப் போகலாம். ராகத்துக்கு அது நன்றாகப் பொருந்தியது. இசைத்தட்டு விற்கவில்லை, ஆட்களும் மறந்துபோனார்கள். 2010 இல் மறுபதிப்பு வந்தபோதுதான் உலகம் அதைக் கேட்டு அதிசயப்பட்டது. சிக்காகோவுக்கும் பம்பாய்க்கும் தொடர்பில்லை. கையில் கிடைத்ததைக் காது கொடுத்துக் கேட்டது ஒன்றுதான் இரண்டு இடத்துக்கும் பொது.

இந்தக் கதையின் கேலி என்னவென்றால், இன்றைக்கு அசல் டிபி-303 இன் விலை ஆயிரக்கணக்கான டொலர். எறிஞ்ச சாமான் அருங்காட்சியகச் சாமானாகிவிட்டது. அதை இப்ப அந்த விலைக்கு வாங்குகிறவர் ஃப்யூச்சர் செய்ததற்கு நேரெதிரானதைத்தான் செய்கிறார். 303 கேட்ட நண்பரும் அமைதியானார்.

அந்த வருசங்களில் நாங்கள்

வாசிக்கும்போது ஒரு கேள்வி எங்களைக் கரைச்சல்படுத்தியது. சிக்காகோவில் பழைய கடையில் கிடைத்தது, பம்பாயில் ஒருவரின் வீட்டில் இருந்தது, கனடாவில் மாமாவின் நிலக்கீழ் அறையில் கிடந்தது. எங்கட வீடுகளின் பரணில் ஏன் ஒன்றும் இல்லை?

டிஎக்ஸ்7 கடைக்கு வந்த வருசம் 1983. அந்த வருச யூலையில் எங்கட ஆட்களுக்கு என்ன நடந்தது என்று சொல்லத் தேவையில்லை. பழைய அனலொக் கருவிகள் உலகம் முழுக்க மலிவாகக் கிடந்த காலத்தில், 1990 இல், யாழ்ப்பாணத்துக்கான மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையில் பற்றறிக்கும் தடை. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடலைச் சுத்தி, டைனமோ கரண்டில் அம்மா ஆட்கள் ரேடியோ கேட்டார்கள். ஒரு பாட்டைக் கேட்க ஒராள் கையால் சுத்த வேண்டியிருந்த ஊரில் சின்தசைசருக்கு எங்கே போவது?

வெளிநாட்டுக்காரர் 'வின்டேஜ்' என்று சொல்லும்போது அவர்களுக்கு அது சின்ன வயசு நினைவு. எங்களுக்கு அந்த நினைவு இல்லை. ஆகவே நினைவுக்காக ஒரு கருவியை வாங்க எங்களுக்குக் காரணமும் இல்லை. எங்கட இசைக்கு என்ன தேவை என்ற கேள்வி மட்டும்தான் மிச்சம். இந்த இடத்தில்தான் எங்கட சண்டை உண்மையாக முடிந்தது.

பட்டியலில் இல்லாதது

டிஎக்ஸ்7 ஆல் செய்ய முடியாதது என்ன என்று எழுதிப் பார்த்தோம். மெல்ல மெல்லத் திறந்து மூடுகிற ஃபில்டர் அதில் இல்லை. பாட்டுக்குப் பின்னால் தடித்த போர்வை மாதிரிக் கிடக்கிற ஒலி அதில் சுலபமாக வராது. ஆகவே இரண்டாவது கருவி கழித்தல் முறையில் வேலை செய்கிற, பல சுரங்கள் வாசிக்கக்கூடிய ஒன்றாக இருக்க வேண்டும்.

மற்ற நிபந்தனை மிடி. 1983 சனவரியில் அமெரிக்காவில் நடந்த நாம் இசைக்கருவிக் கண்காட்சியில் டேவ் ஸ்மித்தின் கொம்பனியின் ப்ரொஃபெட்-600 ஐயும் ரோலண்டின் ஜூப்பிட்டர்-6 ஐயும் ஒரு வயரால் இணைத்துக் காட்டினார்கள். போட்டிக் கொம்பனிகளின் கருவிகள் ஒன்றோடொன்று கதைத்த நாள் அது. ஸ்மித்துக்கும் ரோலண்டின் நிறுவனர் இகுதாரோ ககெஹாஷிக்கும் இதற்காக 2013 இல் தொழில்நுட்பக் கிராமி விருது கிடைத்தது. 40 வருசம் கழித்தும் எங்கட லப்டொப் டிஎக்ஸ்7 உடன் கதைப்பது அதே மிடியால்தான்.

இரண்டு நிபந்தனைக்கும் பொருந்தியது 1984 இன் ரோலண்ட் ஜூனோ-106. ஆறு சுரங்கள். ஒரு சுரத்துக்கு ஒரு ஒஸிலேட்டர்தான், ஆனால் கோரஸ் என்ற பகுதி அந்த மெல்லிய ஒலியை விரித்துத் தடிப்பாக்கிவிடும். ஒவ்வொரு வேலைக்கும் தனி ஸ்லைடர். நல்ல கருவி. ஆனால் இப்ப ஆயிரம் டொலரைத் தாண்டிப் போய்விட்டது. 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை போனதைப் பார்த்த எங்களுக்கு அது சின்னத் தொகை இல்லை. அதோடு ஜூனோ-106 இன் ஒலியைச் செய்கிற சில்லுகள் பிசின் பூசப்பட்டவை. வயசு போகப் போக அவை பழுதாகி, ஒரு சுரம் கரகரக்கும் அல்லது வராமலே போகும். திருத்துகிற ஆளை இங்கே எங்கே தேடுவது?

அப்போதுதான் ஜூனோ-106 இன் தம்பியைக் கண்டோம். 1985 அளவில் ரோலண்ட் வெளியிட்ட அல்பா ஜூனோ-1. உள்ளே அண்ணனைப் போலவே ஆறு சுரங்கள், அனலொக் ஃபில்டர், கோரஸ், மிடி. அந்தப் பழுதாகிற சில்லு இதில் இல்லை. விலை 106 இல் பாதிக்கும் குறைவு. ஏன் இவ்வளவு மலிவு என்று பார்த்தால் காரணம் எங்கட அறையிலேயே இருந்தது. டிஎக்ஸ்7 இன் வெற்றிக்குப் பிறகு எல்லாக் கொம்பனிகளும் அதைப் பார்த்துக் குமிழ்களைக் கழற்றின. அல்பா ஜூனோவிலும் ஸ்லைடர்கள் போய், பட்டன்களும் ஒரு பெரிய வட்டக் குமிழும் ஒரு சின்னத் திரையும் வந்தன. இன்றைக்கு அனலொக் தேடுகிறவர்களுக்கு வேண்டியது ஸ்லைடர். அதனால் இதை ஒதுக்கிவிடுகிறார்கள்.

ஒதுக்கப்பட்ட இதிலிருந்தும் ஒரு வரலாறு பிறந்திருக்கிறது. கொம்பனி போட்டுக் கொடுத்த ஒலிகளில் எரிக் பேர்சிங் விளையாட்டாகச் செய்த ஒன்று, 1991 இல் செக்கன்ட் ஃபேஸ் வெளியிட்ட 'மென்டாசம்' மூலம் 'ஹூவர்' என்ற பெயரில் ரேவ் இசை முழுக்கப் பரவியது. வக்யூம் கிளீனர் மாதிரி உறுமும் என்பதால் அந்தப் பெயர்.

ஸ்லைடர் இல்லாத குறைக்கும் வழி இருக்கிறது. மிடி வயரைப் போட்டு லப்டொப்பில் இலவச எடிட்டர் ஒன்றைத் திறந்தால் எல்லா மதிப்புகளும் திரையில் ஸ்லைடராக நிற்கும். செய்த ஒலிகளை அங்கேயே சேமிக்கலாம், பற்றறி செத்தாலும் பயமில்லை. அல்பா ஜூனோ-1 இன் சொந்தக் கீகள் விரலின் வேகத்தை உணராது, ஆனால் மிடியால் வருகிற வேகத்தை அது கேட்கும். ஆகவே டிஎக்ஸ்7 இன் கீயில் விரல் வைத்து இதை வாசிக்கலாம். ஒன்றுக்கு இல்லாததை மற்றது கொடுக்கும்.

"இதெல்லாம் எதுக்கு, டெக்ஸ்ட், சேர்ஜ் எண்டு இலவச மென்பொருள் இருக்குதே" என்று கேட்பவர்களுக்கு: உண்மைதான். லப்டொப் மட்டும் வைத்திருக்கிறவர் அதிலேயே தொடங்குங்கோ, ஒலியில் பெரிய குறை வராது. நாங்கள் நாலு பேர். ஒரு லப்டொப்புக்கு முன்னால் ஒராள்தான் இருக்கலாம். இரண்டு கீபோர்ட் இருந்தால் இரண்டு பேர் முகம் பார்த்து வாசிக்கலாம். எங்களுக்கு அது போதுமான காரணம்.

வாங்க நினைக்கிறவர்களுக்கு இன்னொரு விசயம். ஜப்பானில் விற்றவை 100 வோல்ட், வட அமெரிக்காவில் விற்றவை 120 வோல்ட் அளவில், எங்கட சுவரில் வருவது 230. நேரே குத்தினால் ஒரு நிமிசத்தில் வரலாறு முடிந்துவிடும். நாங்கள் டிஎக்ஸ்7 க்கு ஏற்கனவே ஒரு ட்ரான்ஸ்போமர் வைத்திருப்பதால் கனடாவிலேயே தேடச் சொல்லி மாமாவுக்குச் சொல்லியிருக்கிறோம். எல்லாக் கீயும் வேலை செய்கிறதா, ஆறு சுரமும் வருகிறதா என்று வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னோம்.

"ஆரும் வேண்டாத மொடலைத்தான் கேக்கிறீங்கள்" என்றார் மாமா. ஓம் மாமா, அதைத்தான்.